எந்தக் காமாலை?

சிதம்பரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தங்கைக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, உலை கொதிக்கும் வாசனை வந்தாலே குமட்டுகிறது. மசக்கைதான் திரும்பி வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். மூன்று நாளுக்கு முன் கண் மஞ்சளாகியிருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி, மருந்து என்று குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். செவ்வாய் வரை பார்க்கலாமா சார்?" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தில் எண் இருந்தது. உடனே கூப்பிட்டுப் பேசினேன். பார்க்கக் கூடாது தம்பி, இன்றைக்கே கிளம்புங்கள் என்றேன். அன்று சாயங்காலமே சேர்த்துவிட்டார்கள். அவரிடம் அவசரத்தில் சொல்லாமல் விட்ட காரணங்களை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி அதுவும் ஓர் அடையாளம். பித்தநீர்க் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், குடியால் ஈரல் கெட்டாலும் ஆகும், எலிக்காய்ச்சலிலும் ஆகும். ஈரலைத் தாக்கும் வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. ஏ-யும் இ-யும் தண்ணீர், சாப்பாடு வழியாக வயிற்றுக்குள் போகிறவை. பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாகப் பரவுகிறவை. டி தனியாக வராது, பி இருக்கும் உடம்பில்தான் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்தக் காமாலை என்பதுதான்.

அந்தத் தங்கை விஷயத்தில் நான் பயந்தது இ வகைக்கு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் நாலு வாரம், ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால், கணக்கே வேறு. நூறு பேரில் 20 முதல் 25 பேர் வரை உயிர் இழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய் பிழைத்தாலும் குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது என்று ஆபத்து தொடரும். வைரஸைக் கொல்ல ஊசி எதுவும் போட மாட்டார்கள். ரத்தம் உறைகிறதா, சர்க்கரை இறங்குகிறதா, நினைவு தடுமாறுகிறதா என்று மணிக்கணக்கில் கவனிப்பதுதான் அங்கே நடக்கும் வைத்தியம். அதை வீட்டில் செய்ய முடியாது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் நாள் பார்க்காதீர்கள், கிழமை பார்க்காதீர்கள்.

இனி அறிகுறிகளுக்கு வருகிறேன். கண்ணில் மஞ்சள் தெரிவது தொடக்கம் இல்லை. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சாதாரணமாக 1 மில்லிகிராமுக்குள் இருக்கும். அது இரண்டரை, மூன்று என்று ஏறிய பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம் முன்பிருந்தே உடம்பு சொல்லத் தொடங்கிவிடும். லேசான காய்ச்சல், மூட்டு வலி, படுத்தால் எழ மனமில்லாத அசதி. ஃப்ளூ மாதிரிதான் இருக்கும். ஆனால் சளி, இருமல் பெரிதாக இருக்காது. பசி மட்டும் அடியோடு செத்துப்போகும். நேற்று வரை ஆசையாகத் தின்ற மீன் குழம்பின் வாசனைக்கு ஓங்கரிக்கும். நாள் முழுக்கப் பீடி பிடிக்கிறவர் பீடியைத் தொட மாட்டார். "பீடி கசக்குதுங்க" என்று ஒருவர் சொன்னால் நான் கையைப் பிடிப்பதற்கு முன் அவர் கண்ணைப் பார்ப்பேன். வலது விலாவுக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி ஒரு பாரம் இருக்கும்.

அடுத்து சிறுநீர். நம் ஊர் வெயிலில் யாருக்கும் சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும். அதனால் ஏமாந்து போகிறோம். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துப் பாருங்கள். வெயில் மஞ்சள் வெளுத்துவிடும், காமாலை மஞ்சள் வெளுக்காது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் வருவது பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள். காமாலையில் வருவது பழுப்பு ஏறிய நிறம், நல்லெண்ணெயைப் போல, பிறகு கட்டி டிகாக்ஷனைப் போல. அதன் நுரையும் மஞ்சளாக இருக்கும், வெள்ளை வேட்டியில் கறை பிடிக்கும். கண் மஞ்சளாவதற்கு ஓரிரு நாள் முன்பே இது தெரிந்துவிடும். வீட்டில் ஒருவருக்குப் பசி செத்து, சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் போனால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். சிலருக்கு மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகும், உள்ளங்கையும் பாதமும் அரிக்கும். வெளுத்த மலமும் அரிப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் பித்தக் குழாய் அடைப்பா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழி சொல்கிறோம். உண்மையில் நோயாளிக்கு எதுவும் மஞ்சளாகத் தெரிவதில்லை. தன் கண் மஞ்சளாகிவிட்டது என்பதே அவருக்குத் தெரியாது. கூட இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்கவும் ஒரு முறை உண்டு. விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகலில் வாசலுக்கோ ஜன்னலுக்கோ கூட்டி வந்து, மேல் இமையை விரலால் தூக்கிக்கொண்டு, காலைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படாத அந்த மேல்பக்க வெள்ளை விழி முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் அது காமாலை. தேவனாம்பட்டினம், கிள்ளைப் பக்கத்து மீனவர்களுக்கும், வயலில் நிற்கிறவர்களுக்கும் கருவிழி ஓரத்தில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அது வெயிலும் உப்புக்காற்றும் செய்தது, பயப்பட வேண்டாம். மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்களுக்கு முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடிநாக்கைப் பாருங்கள்.

சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. ஆறு வயதுக்குள் ஏ வகை வந்தால் பெரும்பாலும் கண் மஞ்சளாவதே இல்லை. இரண்டு நாள் சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும், பிறகு விளையாடப் போய்விடும். ஆனால் அதன் மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சோறு பிசைந்தால், வீட்டில் பெரியவர்களுக்கு வரும். பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக வரும்.

இன்னொன்றையும் நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாது. வைரஸ் காமாலையில் பொதுவாகக் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். கண்ணும் மஞ்சள், காய்ச்சலும் விடாமல் அடிக்கிறது, கண் சிவந்திருக்கிறது, கெண்டைக்காலைத் தொட்டால் அலறுகிறார், சிறுநீர் குறைகிறது என்றால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சம்பா நடவு, களை எடுப்பு, வெள்ளத்தில் நடந்தது என்று ஏதாவது இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பாக்டீரியா நோய். உரிய நேரத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பிழைப்பார். காமாலைதானே என்று பத்தியத்தில் படுக்க வைத்தால் சிறுநீரகம் போய்விடும்.

இப்போது காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ வகை உடம்புக்குள் போய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். இ வகைக்கு இரண்டு வாரத்திலிருந்து பத்து வாரம், பெரும்பாலும் ஐந்தாறு வாரம். நேற்று ஓட்டலில் சாப்பிட்டதால் இன்று காமாலை வராது. கார்த்திகையில் குடித்த தண்ணீர் மார்கழிக் கடைசியிலும் தையிலும் கண்ணில் தெரியும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, கொள்ளிடம் என்று எல்லா வெள்ளமும் கடைசியில் கடலூர் மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 2015 நவம்பர், டிசம்பரில் பட்ட பாடு மறக்கவில்லை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது கடலூரின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. அப்படிப்பட்ட நாட்களில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே தண்ணீருக்குள் கிடக்கின்றன. குழாயில் ஒரு விரிசல் இருந்தால் போதும். வெள்ளம் வடிந்ததும் முகாம் கலைந்துவிடும், மருத்துவக் குழு திரும்பிவிடும். ஆபத்தான வாரங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

1955-ல் தில்லியில் நடந்தது இதுதான். யமுனை வெள்ளத்தில் நஜஃப்கர் ஓடையின் கழிவுநீர் எதிர்த்து வந்து, வஜீராபாத்தில் நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. அது நவம்பர் நடுவில். டிசம்பரிலும் ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் கண் மஞ்சளானது. கர்ப்பிணிகளை அது அதிகம் வதைத்தது. அது இ வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்து, பாதுகாத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் உறுதியானது. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூர் ஊராட்சியில் குழாய்த் தண்ணீர் வழியாக 200 பேருக்கு மேல் ஏ வகை வந்தது, இறப்புகளும் நேர்ந்தன.

தண்ணீரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்திலும் ஓட்டலிலும் வெந்நீர் கேட்டால் நம் முன்னாலேயே ஒரு காரியம் நடக்கும். கொதித்த தண்ணீர் அரை ஜக், அதன் மேல் குழாய்த் தண்ணீர் அரை ஜக். கை பொறுக்கும் சூடு வந்ததும் மேசைக்கு வரும். வாங்குகிறவருக்கு வெந்நீர் குடித்த திருப்தி. வைரஸைப் பொறுத்தவரை அது பச்சைத் தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும், அதே தண்ணீர்தான் ஆற வேண்டும், அதில் வேறு தண்ணீர் விழக் கூடாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மழைக்காலம் முழுக்க இதைத் தவற விடாதீர்கள். சீல் போட்ட கேன் என்பதாலேயே அதை நம்பிவிட வேண்டாம், அதையும் கொதிக்க வையுங்கள். சர்பத்தில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. காமாலைக்கு நல்லது என்று தெருவோரக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்த ஐஸும் ஈ மொய்க்கும் அந்தக் கரும்பும் இன்னொரு நோயைக் கொண்டு வரும். இளநீர் கொடுங்கள். கழிமுகத்தில் எடுக்கும் மட்டியை நன்றாக வேகவைத்தே தின்னுங்கள், அது கழிவுநீரில் உள்ள வைரஸைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். வரப்பில் தானாக முளைக்கும் அந்தச் செடியை நான் பழிக்க மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸ் உடம்பில் நிலைத்துவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு அது. ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் அது இன்று வரை மருத்துவமனைச் சிகிச்சையில் இடம்பெறவில்லை. ஏ-யும் இ-யும் தானாக ஆறக்கூடியவை. அந்த ஒரு மாதத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். இலையால் கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இலையை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பிறகு ஆம்புலன்ஸில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன கலந்தது என்று சொல்லாத பொடியும் லேகியமும் வேண்டவே வேண்டாம், அவற்றில் சில ஈரலையே கெடுக்கும். கையில் சூடு போடுவது வெறும் புண்தான்.

பத்தியம் பற்றியும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மஞ்சள்தூள் கூடாது என்று கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே பசியில்லாத உடம்பு அதில் இன்னும் நொறுங்கிப்போகும். இட்லி, இடியாப்பம், பருப்பு சாதம், மோர், பழம், முட்டை, ஏற்றுக்கொண்டால் மீன் என்று எல்லாம் கொடுக்கலாம். காலையில் பசி கொஞ்சம் இருக்கும், அப்போது நிறையக் கொடுங்கள். சாராயம் ஒரு சொட்டுக்கூட ஆகாது. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்லோரும் பிலிருபினையும் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியையும் பார்க்கிறார்கள். எஸ்.ஜி.பி.டி. 2,000, 3,000 என்று இருந்தால் வீடே கலங்குகிறது, 200-க்கு இறங்கினால் மொட்டை போடக் கிளம்பிவிடுகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஈரல் செல்கள் ஆறி வரும்போதும் அந்த எண் இறங்கும், இனி சாக செல்லே மிச்சமில்லை என்றாலும் இறங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரத்தம் உறையும் திறனைச் சொல்லும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை. அது ஒன்றரைக்கு மேல் போனால் ஈரல் தன் வேலையை விட்டுவிடத் தொடங்குகிறது என்று பொருள். எஸ்.ஜி.பி.டி. இறங்க, பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறினால் நோயாளி தேறவில்லை. ஐ.என்.ஆர். எடுத்தீர்களா என்று கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

சீட்டு இல்லாமலே வீட்டில் தெரியும் ஆபத்தும் உண்டு. பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது, பேச்சு தடுமாறுவது, சொந்தக்காரர் பெயரை மாற்றிச் சொல்வது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, கையை நீட்டச் சொன்னால் இறக்கை போல அடிப்பது, ஈறில் ரத்தம், நிற்காத வாந்தி, வயிறு வீங்குவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் காமராஜ் அரசு மருத்துவமனையும், ராஜா முத்தையா என்று நாம் பழகிவிட்ட அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. இன்னும் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் பக்கத்தில்தான்.

இதுவரை சொன்னது சத்தம் போட்டு வரும் காமாலை. சத்தமே இல்லாமல் இருபது, முப்பது ஆண்டு உள்ளே இருந்து ஈரலைச் சுருக்கி, புற்றுநோய் வரை கொண்டு போகிறவை பி-யும் சி-யும். பரங்கிப்பேட்டை, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து இளைஞர்கள் பலர் வளைகுடா விசா மருத்துவப் பரிசோதனையில்தான் தங்களுக்கு பி இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். நல்ல உடம்பு, ஓடியாடும் வயது, ஓர் அறிகுறியும் கிடையாது. விசா போன துக்கத்தில் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தம்பிகளுக்குச் சொல்கிறேன். அந்தச் சீட்டு உங்கள் உயிரைக் காப்பாற்றக்கூடியது. 2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி-க்குத் தேவைப்படுகிறவர்களுக்கு தினம் ஒரு மாத்திரை, வைரஸை அடக்கி வைக்கும். சி-க்குப் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு முழுவதும் குணமாகிவிடும். மாத்திரை தேவைப்படாதவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பி உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் உட்காரலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சச் சொல்லலாம். பரவுவது ரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்தும்தான். கணவனோ மனைவியோ பரிசோதித்து, இல்லை என்று வந்தால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். சலூனிலும், திருவந்திபுரத்தில் முடி காணிக்கை கொடுக்கும்போதும் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். பச்சை குத்தும் ஊசியும் காது குத்தும் ஊசியும் புதிதாக இருக்கட்டும். பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்கு 90 பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போட வேண்டும். தாய்க்கு பி இருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர வேண்டும், பிறகு தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சைக் குழந்தைக்கு ஊசியா என்று தடுக்கும் பாட்டிமார்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டாவது ஆளுக்குக் கண் மஞ்சளானால் அதை அந்தந்த வீட்டுச் சமாசாரமாக விட்டுவிடாதீர்கள். கடலூரில் மாநகராட்சி, சிதம்பரத்தில் நகராட்சி, கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்று எங்கே இருந்தாலும் சுகாதார ஆய்வாளரிடம் போய்ச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டது போதாது, தெருக்கோடிக் குழாயில் அது மிச்சம் இருக்க வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது. உங்கள் குழாயில் பிடித்த தண்ணீரில் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்னக் குப்பியும் சில நிமிடமும் போதும். உங்கள் முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.